கன்னத்து ஊசிக்கு முன்னால் கடைவாய்ப் பல்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். முதலில் பால்மரம் (ரப்பர்) சீவினேன். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு வெளிக்காட்டு வேலை. இப்போது வேலையை விட்டுவிட்டு டவுனில் மகன் வீட்டோடு இருக்கிறேன். 55 வயதாகி இ.பி.எஃப். (சேமநிதி) பணமும் கைக்கு வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் என் வீட்டுக்காரரைக் காட்டி, "உங்க தம்பியாம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

நெற்றி ஓரமும் கன்னமும் கறுத்துவிட்டன. கன்னத்தில் குட்டிக் குட்டியாகக் கரும் மரு. புருவத்துக்கு நடுவில் கோடு. இடது கன்னம் குழி விழுந்து, தாடை ஓரம் தொங்குகிறது. இரத்தக் கொதிப்புக்கும் இனிப்பு நீருக்கும் (சர்க்கரை வியாதி) மாத்திரை சாப்பிடுகிறேன். கடைவாய்ப் பற்களை எடுத்து ஆறேழு வருஷம் ஆகிறது, இடது பக்கம் ஒன்றுகூட இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தலைக்குச் சாயம் பூசுவேன். டவுனில் ஒரு அழகு நிலையத்தில் 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேக்கேஜ் சொன்னார்கள்: தோலை இறுக்கும் ஹைஃபு ஆறு முறை, வெள்ளையாக்கும் லேசர் மூன்று முறை, கன்னக் குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி. ஊசி போட மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஆள் வருவாராம். 500 வெள்ளி முன்பணம் கட்டிவிட்டேன். மகள் தாய்லாந்தில் ஹாட்யாய் போனால் இதைவிட மலிவு என்கிறாள். மருமகள், "இந்த வயசில் எதுக்கு அத்தை?" என்கிறாள். எனக்கு எது சரிப்படும்?

பதில்: வணக்கம் அக்கா. மருமகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடம்) போய் நின்றவர், கைக்கு வந்த காசில் கொஞ்சத்தை முகத்துக்குச் செலவழிக்க ஆசைப்பட்டால் அதில் ஒரு குறையும் இல்லை. என் கவலையெல்லாம் அந்த பேக்கேஜைப் பற்றித்தான். அதில் உள்ள மூன்றில் ஒன்று உங்கள் முகத்துக்கு ஆகவே ஆகாது, இன்னொன்று ஆபத்து, மூன்றாவது இப்போதைக்குத் தேவையில்லை. மேற்கொண்டு ஒரு காசும் கட்டாதீர்கள்.

முகம் மூப்படையும்போது நான்கு காரியம் நடக்கிறது. நிறம் திட்டுத் திட்டாக மாறும், கோடு விழும், உள்ளே இருக்கும் கொழுப்பும் எலும்பும் வற்றிக் குழி விழும், தோல் தளர்ந்து தொங்கும். எல்லாருக்கும் நான்கும் வரும், எது முந்திக்கொள்ளும் என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். கடையில் விற்கிற ஒவ்வொரு சிகிச்சையும் இவற்றில் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்யும். கோட்டுக்கு உள்ள மருந்து குழியை நிரப்பாது, குழிக்கு உள்ள மருந்து கறுப்பைப் போக்காது. ஆகவே "எந்தச் சிகிச்சை நல்லது" என்று கேட்பதற்கு முன்னால், முகத்தில் எது கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் முகம் கழுவி, பூச்சு ஒன்றும் இல்லாமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கண்ணாடியைப் பாருங்கள். குளியலறை விளக்கில் பார்க்காதீர்கள், உச்சந்தலைக்கு மேலிருந்து விழும் வெளிச்சம் இல்லாத குழியையும் காட்டும். பிறகு கைக்கண்ணாடியோடு கட்டிலில் மல்லாந்து படுத்து முகத்துக்கு நேரே பிடியுங்கள். படுத்ததும் எது காணாமல் போகிறதோ அது தொங்கல். எது அப்படியே இருக்கிறதோ அதற்கும் தொங்கலுக்கும் சம்பந்தமில்லை. புருவத்தைச் சுளித்தால் மட்டும் அந்த நடுக்கோடு தெரிகிறதா, சும்மா இருக்கும்போதும் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், பத்தில் ஐந்து பங்கு நிறம், மூன்று பங்கு பல், மிச்சம்தான் மற்றதெல்லாம் என்று எனக்குப் படுகிறது.

நம் தோலில் கோடு மெதுவாகத்தான் விழும். தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலைப் பாதி வழியிலேயே மறித்துவிடுகிறது. ஆனால் அதே மெலனின், தோல் எதற்காவது புண்பட்டால் உடனே கூடுதலாகச் சுரந்து கறுப்புத் தழும்பாக நின்றுவிடும். பரு வந்த இடம், கொசு கடித்த இடம், எண்ணெய் தெறித்த இடம் எல்லாம் நமக்குக் கறுத்துக் கிடப்பது இதனால்தான். 1975-இல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், வெயில் பட்டால் சிவக்குமா கறுக்குமா என்பதை வைத்துத் தோலை வகை பிரித்தார். இன்று அது ஆறு வகை. தமிழர்களில் பெரும்பாலோர் நான்கிலிருந்து ஆறுக்குள் வருவோம். விளம்பரப் படத்தில் இருக்கும் கொரியப் பெண்ணின் தோலுக்கு வைக்கிற சூட்டை உங்கள் கன்னத்துக்கு வைத்தால், வெளுக்கப் போன இடம் முன்பைவிடக் கறுத்துப்போகும். லேசரே ஆகாது என்று சொல்லவில்லை. 1064 நானோமீட்டர் என்.டி.யாக் என்ற வகை நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது, அதையும் குறைந்த சக்தியில், பழகிய கை செய்ய வேண்டும். எதனால் என்று கண்டுபிடிக்காத கறுப்புக்கு லேசர் அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கறுப்புக்கு நான் நான்கு பேரைச் சந்தேகப்படுகிறேன். முதல் ஆள் தலைச்சாயம். கறுப்புச் சாயங்களில் பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது அரிப்போ சிவப்போ பெரிதாகக் காட்டாமல், மயிர் எல்லையை ஒட்டி, நெற்றி ஓரம், காதுக்கு முன்னால், பின்கழுத்து என்று மெல்ல மெல்லக் கறுப்பை இறக்கிக்கொண்டே வரும். நெற்றி ஓரம்தான் உங்களுக்கும் முதலில் கறுத்தது என்றால் மூன்று மாதம் சாயத்தை நிறுத்திப் பாருங்கள். நரை தெரிவது பொறுக்கவில்லை என்றால் சுத்தமான மருதாணி இலை வைக்கலாம். 'கறுப்பு மருதாணி' என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கிவிடாதீர்கள், பலவற்றில் அதே பி.பி.டி.தான் கலந்திருக்கும்.

இரண்டாவது, இனிப்பு நீர். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து, தொட்டால் மெத்தென்று, தேய்த்துக் குளித்தாலும் போகாத அழுக்கு மாதிரி கறுத்திருக்கிறதா? அதே கறுப்பு கன்னப் பொறியிலும் நெற்றி ஓரத்திலும் ஏறும். அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் எழுதிக் காட்டும் கணக்கு. அதற்கு லேசர் அடித்துப் பிரயோசனமில்லை, எடையும் சர்க்கரையும் இறங்கினால்தான் அது இறங்கும். இந்த நாட்டில் இனிப்பு நீர் அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான் என்பதால், முகக் கறுப்பு என்று வருகிற நம்மவர்களை முதலில் கழுத்தைக் காட்டச் சொல்வது என் வழக்கம்.

மூன்றாவது, கொதிப்பு மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயாசைட் என்ற மாத்திரை சிலருக்கு வெயில் பட்ட இடத்தைக் கறுக்க வைக்கும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாமல், மாற்று மருந்து உண்டா என்று கிளினிக்கில் கேளுங்கள். நான்காவது, கன்னத்தில் வரும் மங்கு. அதற்கு வெயிலும் மரபும் காரணம். தோட்டத்தில் நம் பெண்கள் பெடாக் செஜுக்கை (அரிசி மாவுக் குளிர்ச்சிப் பூச்சு) முகம் நிறையப் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் வெயிலை மறிக்க அதை நம்ப முடியாது.

இந்த நான்கில் எது என்று பார்த்துச் சொல்ல தனியார் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. அழகுக்கு என்று போனால் அங்கே பார்க்கமாட்டார்கள், கறுப்பு எதனால் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இது அவசரக் காரியம் இல்லையே.

இதற்கிடையில் இரண்டு டியூப் போதும். ஒன்று வெயில் தடுப்பு கிரீம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். மங்கு இருப்பவர்களுக்கு தோல் நிறச் சாயம் கலந்த கிரீம் இன்னும் நல்லது, அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் மறிக்கும். நம் ஆட்கள் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு போடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். கடுகு அளவு தொட்டுத் தேய்த்துவிட்டு "கிரீம் வேலை செய்யலை டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம். துணி காயப்போட வெளியே போகிறவருக்கும் இது வேண்டும், மத்தியானம் ஒரு தடவை மறுபடி பூச வேண்டும்.

இன்னொன்று டிரெட்டினோயின். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. பருவுக்கு என்று வந்தது. வெயிலில் மூத்த தோலையும் இது திருத்துகிறது என்று 1986-இல் ஆல்பர்ட் கிளிக்மன் எழுதியதிலிருந்து, சுருக்கத்துக்கு இவ்வளவு ஆதாரம் உள்ள வேறு பூச்சு வரவில்லை. ராத்திரியில் பட்டாணி அளவு, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள்தான். எரிந்து தோல் உரிந்தால் இடைவெளி விடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அந்தப் புண்ணே கறுப்பாக நிற்கும். பலன் தெரிய மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும். ஒரே வாரத்தில் முகம் வெளுக்கிறது என்று யாராவது பசார் மாலாமில் (இரவுச் சந்தை) கிரீம் விற்றால், அதில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவான அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்கும், அதை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத் தளத்தில் தேடிப் பார்க்க மகனிடம் சொல்லுங்கள்.

அந்தக் குட்டி மருக்கள் ஒரு வியாதியும் இல்லை. கறுத்த தோல்காரர்களுக்குக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் வருவது, பெரும்பாலும் அம்மாவுக்கும் இருந்திருக்கும். மரத்துப்போகும் கிரீம் தடவி, மெல்லிய மின்முனையால் மேலோட்டமாகச் சுட்டால் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். ஆழமாகச் சுட்டால் வெள்ளைப் புள்ளியோ கறுப்புப் புள்ளியோ மிஞ்சும். அதனால் முதலில் காது ஓரமாக இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொட வேண்டும். செலவழித்த காசுக்கு முகத்தில் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிற வேறு சிகிச்சை எனக்குத் தெரியாது. ஆனால் எந்த விளம்பரத்திலும் இது இருக்காது, பேக்கேஜ் போட்டு விற்கிற அளவுக்கு இதில் காசு இல்லை.

இப்போது அந்த இடது கன்னம். மாதவிலக்கு நின்று முதல் ஐந்து வருஷத்தில் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது, இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளது. அதற்கு மேல் உங்களுக்குக் கடைவாய்ப் பல் இல்லை. பல்லை எடுத்த இடத்தில் தாடை எலும்பும் வருஷா வருஷம் கரைந்துகொண்டே வரும். உள்ளே தாங்கல் போனதும் கன்னம் உள்ளே விழுகிறது, மிச்சத் தோல் தாடை ஓரத்தில் வந்து சேர்கிறது. இதற்கு ஃபில்லர் போடுவது, பந்தக்காலைப் பிடுங்கிவிட்டு மேலே இருக்கிற துணியை நிமிர்த்துவது மாதிரி. முதலில் பல் டாக்டரிடம் போங்கள். அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே கழற்றி மாட்டும் பல்செட் செய்து தருகிறார்கள். செட் மாட்டிய பிறகு கண்ணாடியைப் பாருங்கள். சாப்பாடும் ஒழுங்காக மெல்ல வரும், அது இனிப்பு நீருக்கும் நல்லது. வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால், வாய் முன்போல அகலத் திறக்கிறதா என்பதையும் பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பல் கட்டிய பிறகும் குழி உறுத்தினால் ஃபில்லரை யோசிக்கலாம். இப்போது பெரும்பாலும் போடுவது ஹையலூரோனிக் அமிலம். இடத்தைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் நிற்கும். கைதவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அபூர்வமாகக் கண் பார்வையே போகும். அப்படி ஆனால் ஹையலூரோனிடேஸ் என்ற மருந்தை உடனே செலுத்திக் கரைக்க வேண்டும். எனவே ஊசி போடுகிறவரிடம், "கரைக்கும் மருந்து இங்கே இருக்கா? எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை வந்து போட்டுவிட்டுப் போகிறவர், மறுநாள் காலை கன்னம் வெளுத்து வலிக்கும்போது எங்கே இருப்பார்? சிலிக்கோன், 'ஆயுசுக்கும் நிற்கும்' ஊசி என்றால் கிட்டவே போகாதீர்கள். அதைக் கரைக்க மருந்து கிடையாது.

ஹைஃபு என்பது ஒலி அலையால் தோலுக்கு அடியில் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்துத் தோலைச் சுருங்க வைப்பது. இலேசாகத் தொங்க ஆரம்பித்த, சதைப்பிடிப்பான முகத்துக்குக் கொஞ்சம் எடுக்கும், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். வற்றிய கன்னத்தில் அந்தச் சூடு இருக்கிற கொழுப்பையும் கரைத்து, குழியை இன்னும் ஆழமாக்கிவிடலாம். நீங்கள் காசு கொடுத்துப் போக்க நினைக்கிறது அந்தக் குழியைத்தானே! அதோடு, வருஷத்துக்கு ஒருமுறை செய்வதை ஆறு முறை விற்பது வியாபாரக் கணக்கு, வைத்தியக் கணக்கு இல்லை. என்னிடம் ஒரு பெண் வந்தாள். தாடையில் சரிசமமான இடைவெளியில் நாலைந்து பழுப்புக் கோடு. கருவியின் முனை தோலில் முழுதாகப் பதியாமல் வைத்து இழுத்த சூட்டுத் தழும்பு. கோடு மங்கவே எட்டு மாதத்துக்கு மேல் பிடித்தது.

நூல் போட்டுத் தூக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பி.டி.ஓ. நூல் ஆறு மாத வாக்கில் கரையும், தூக்கலும் நாளாவட்டத்தில் இறங்கும். தாடைத் தொங்கலை உண்மையாகவே எடுப்பது பிளாஸ்டிக் அறுவை நிபுணர் செய்யும் அறுவைதான். கொதிப்பும் இனிப்பு நீரும் உள்ள உங்களுக்கு அதை நான் இப்போது சொல்லமாட்டேன்.

புருவ நடுக்கோட்டுக்கு போட்டாக்ஸ் பொருந்தும். சுளிக்கும் தசையைத் தளர்த்தும் மருந்து அது. நாலைந்து நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுதாகத் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். மறுபடி போட வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போதே பதிந்த கோடு முழுக்கப் போகாது, ஆழம் குறையும். எப்போதாவது இமை இறங்கினாலும் சில வாரத்தில் சரியாகும். "கோபமா இருக்கியா" என்று வீட்டில் அடிக்கடி கேட்கிறார்கள் என்றால் இந்த ஒன்றுக்குக் காசு செலவழிப்பது எனக்குச் சம்மதமே. மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊசிக்கும் முன்னால் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை எடுத்துப் பாருங்கள். எச்.பி.ஏ.1.சி. என்ற அந்தச் சராசரி 8-க்கு மேல் இருப்பவர்களுக்கு நான் முகத்தில் கை வைப்பதில்லை. புண் ஆற நாளாகும், கிருமியும் சுலபமாகப் பிடிக்கும். இரத்தத்தை இளக்கும் மாத்திரையோ மீன் எண்ணெயோ சாப்பிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் போவது? இந்த நாட்டில் முகத்தில் ஊசி போடும் உரிமை பதிவான டாக்டருக்கு மட்டும்தான், அழகு நிலையத்துக்குக் கிடையாது. டாக்டரிலும், சுகாதார அமைச்சின் 2013 வழிகாட்டிப்படி, பொது மருத்துவர் என்றால் அழகுச் சிகிச்சை செய்ய அனுமதிக்கும் எல்.சி.பி. சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். தோல் நிபுணரையும் பிளாஸ்டிக் அறுவை நிபுணரையும் தேசிய நிபுணர் பதிவேட்டில் தேடலாம். டாக்டர் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். முதல் சந்திப்பிலேயே பணம் கட்டச் சொல்லாமல், உங்கள் மாத்திரைப் பட்டியலைக் கேட்கிற டாக்டராகப் பாருங்கள்.

ஹாட்யாயில் நல்ல டாக்டர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஊசி போட்ட அன்று ராத்திரி பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, மறுநாள் வீங்கினால் யாரிடம் போவீர்கள் என்பதுதான் என் கேள்வி. அங்கே என்ன மருந்து, எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாமல் இங்கே யாரும் துணிந்து கை வைக்கமாட்டார்கள்.

ஆகவே இந்த மூன்று மாதத்துக்குச் சாயத்தை நிறுத்துங்கள், இரண்டு டியூப், பல்செட், சர்க்கரை. அதற்குப் பிறகு மருவை எடுக்கலாம். அப்புறமும் புருவக் கோடு மனதை உறுத்தினால் போட்டாக்ஸ், கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும், ஃபில்லர். 4,800 வெள்ளியில் முக்கால்வாசி உங்கள் கணக்கிலேயே இருக்கும்.

கட்டிய 500 வெள்ளியை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை எதுவும் தொடங்கவில்லை, ஊசி போடுகிறவர் பதிவான டாக்டரா என்று தெரியவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள். ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் மனு போடத் தடையில்லை. மனுவை மலாயில் எழுத மகனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ரசீதை இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.